கோதாவரிக் கரைப் பாறைகளும் கடல் நுண்ணுயிர்களின் சான்றும்

ஆந்திரப் பிரதேசத்தில், இன்று ராஜமகேந்திரவரம் எனப் பெயர் பெற்றுள்ள ராஜமுந்திரிக்கு அருகில், கோதாவரியாற்றின் இரு கரைகளிலும் கல்லுடைக்கும் குழிகள் பல உள்ளன. மேற்குக் கரையில் கௌரிப்பட்டணம், துத்துக்கூரு ஆகிய ஊர்களையடுத்தும், கிழக்குக் கரையில் காத்தேருவை அடுத்தும் அமைந்த குழிகளின் சுவர்களில் பாறைகளின் வரிசை தெளிவாகப் புலப்படும். கீழே கரிய எரிமலைப் பாறை. அதன்மேல் சில மீட்டர் கனத்தில் வெளிறிய சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும். அவற்றின்மேல் மீண்டும் கரிய எரிமலைப் பாறை. எரிமலைக் குழம்பு ஒருமுறை பரவி அடங்கியது. பின்னர் அவ்விடத்தைக் கடல்நீர் சூழ்ந்து வண்டலைப் படிவித்தது. அதன்பின் மற்றொரு முறை குழம்பு வந்து அனைத்தையும் மூடியது என்பது இவ்வரிசையினால் அறியப்படும்.

இது நிகழ்ந்த காலம் எது என்னும் வினாவுக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. அவ்விடையைத் தரும் சான்றுகளுள் தலையாயது, வெறுங்கண்ணுக்கு மணற்பொடியாகவே தோன்றும் கடலுயிர்களின் ஓடுகளாகும். அவை எவ்வாறு காலத்தைக் காட்டுகின்றன, அவற்றின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

அடுக்குகளின் ஒழுங்கு

நீரில் படிந்த பாறைகளில், குலைவுறாத இடத்து, கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. இது நிலவியலின் முதற்பாடம். ஆனால், ஓரிடத்தின் அடுக்கை நூறு கல் தொலைவிலுள்ள வேறோர் அடுக்குடன் ஒப்பிட இவ்விதி மட்டும் போதாது. ஒரே காலத்தில் ஓரிடத்தில் மணலும் மற்றோரிடத்தில் களிமண்ணும் படியக்கூடும். நிறமும் கடினமும் ஒத்திருத்தலால் மட்டும் இரு பாறைகள் ஒரே வயதுடையன என்று கொள்ளலாகாது.

இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித் என்பவர், ஒவ்வோர் அடுக்குத் தொகுதியிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் காணப்படுவதைக் கண்டறிந்தார். அம்முறையைக் கொண்டு 1815-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நிலவியல் படத்தை அவர் வெளியிட்டார். உயிரினங்கள் தோன்றுகின்றன, சிலகாலம் வாழ்கின்றன, மறைகின்றன. மறைந்த இனம் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் ஓர் இனம் வாழ்ந்த காலம், பாறையின்மேல் இடப்பட்ட முத்திரைபோல் ஆகின்றது.

எனினும் சங்கு, கிளிஞ்சல் போன்ற பெரிய புதைபடிவங்களை நம்புவதில் இடையூறுகள் உண்டு. அவை எல்லா அடுக்குகளிலும் கிடைப்பதில்லை. நிலத்தைத் துளையிடும்போது, துரப்பண முனையில் அகப்பட்டுத் தூளாகிவிடும். எண்ணெய் தேடும் பணி பெருகிய காலத்தில், கைப்பிடியளவு கல்தூளைக் கொண்டே வயதை அறியவேண்டிய தேவை எழுந்தது. அத்தேவையே ஆராய்ச்சியாளரின் நோக்கை நுண்ணிய உயிர்களின்பால் திருப்பியது.

பொராமினிபெரா என்னும் உயிர்கள்

பொராமினிபெரா என்பன ஒற்றை உயிரணுவாலான கடலுயிர்கள். இவற்றுள் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பொருளால் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. வளர வளர ஓர் அறையின்மேல் மற்றோர் அறையாகச் சேர்த்துக்கொண்டே போகும். அறைக்கும் அறைக்கும் இடையே துளை இருப்பதால் 'துளை தாங்கி' என்னும் பொருள்பட இப்பெயர் வந்தது. 1826-இல் இப்பெயரை வழங்கிய பிரெஞ்சு அறிஞர் அல்சிட் தோர்பிஞி, இவற்றைக் கணவாய் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்கள் என்றே கருதினார். இவை மிக எளிய அமைப்புடைய உயிர்கள் என்பதை 1835-இல் துய்ஜார்தின் நிறுவினார்.

பெரும்பாலான ஓடுகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. விதிவிலக்குகளும் உள. எகிப்திலுள்ள கீசாவின் பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக்கல்லில் காசு வடிவில் காணப்படும் நம்முலைட்டு என்பதும் பொராமினிபெரா வகையே.

இவ்வுயிர்களுள் ஒரு பிரிவு கடலடியில் வாழ்வது. மற்றொரு பிரிவு நீரில் மிதந்து வாழ்வது. அடியில் வாழ்பவை ஆழம், உப்பு, சேற்றின் தன்மை ஆகியவற்றுக்கேற்ப இடத்துக்கிடம் வேறுபடும். அவை முக்கியமாகக் கடலின் நிலையைக் கூறும். மிதப்பவையோ நீரோட்டத்தால் கடலெங்கும் பரவி, இறந்தபின் அடியிலுள்ள எவ்வகை வண்டலிலும் மழைபோல் விழுந்து படியும். அவையே காலத்தைக் காட்டுவதில் சிறந்தவை.

வழிகாட்டிப் படிவத்தின் இலக்கணம்

பாறையின் காலத்தைச் சுட்டும் படிவத்திற்கு நான்கு இயல்புகள் வேண்டும். ஒன்று, அது பரந்த பரப்பில் கிடைக்கவேண்டும். இரண்டு, அவ்வினம் வாழ்ந்த காலம் குறுகியதாக இருக்கவேண்டும். மூன்று, எண்ணிக்கையில் மிகுந்திருக்கவேண்டும். நான்கு, பிற இனங்களினின்று பிரித்தறிய எளிதாக இருக்கவேண்டும். மிதவைப் பொராமினிபெராக்களுள் பல இந்நான்கும் பொருந்தியவை. அவற்றின் ஓடு சிறிதாதலால் துரப்பண முனைக்கும் தப்பிவிடும்.

அமெரிக்காவில் எண்ணெய்க் கழகங்களில் பணியாற்றிய எஸ்தர் ஆப்ளின், ஆல்வா எல்லிசர், ஹெட்விக் நைக்கர் என்னும் மூன்று பெண்மணிகள், டெக்சஸ், லூசியானா ஆகிய மாநிலங்களின் கடற்கரைச் சமவெளியில் நிலத்தடி அடுக்குகளை இம்முறையால் ஒப்பிட்டு 1925-இல் கட்டுரை வெளியிட்டனர். அதன்பின் எண்ணெய் தேடும் நாடுகளிலெல்லாம் இம்முறை வேரூன்றியது.

இத்தாலியில் கிடைத்த அளவுகோல்

கோதாவரிப் பாறைகளின் காலத்தை அறிய, முதலில் இத்தாலி நாட்டின் குப்பியோ என்னும் ஊருக்குச் செல்லவேண்டும். அங்கு, கடலடியில் அமைதியாகப் படிந்த சுண்ணாம்புக்கல் அடுக்குகள் இடையீடின்றிக் காணப்படுகின்றன. கீழடுக்குகளில் குளோபோட்ரங்கானா முதலிய பெரிய, அழகிய வேலைப்பாடுடைய மிதவை ஓடுகள் நிறைந்துள்ளன. அவற்றின்மேல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் கீற்று. அதற்குமேல் அப்பெரிய ஓடுகள் இல்லை. மிகச் சிறிய, எளிய வடிவமுள்ள புதிய ஓடுகளே உள்ளன.

அச்சிறிய இனங்களுள் ஒன்றை லூட்டர்பாக்கர், பிரெமோலி சில்வா என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1964-இல் விவரித்து, அவ்வூரின் பழம்பெயரைத் தழுவி 'யூகூபினா' எனப் பெயரிட்டனர். கிரெட்டேசியக் காலம் முடிந்து டேனியக் காலம் தொடங்கிய எல்லை அக்களிமண் கீற்றேயாகும். இன்று அதன் வயது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் எனக் கணக்கிடப்படுகின்றது. நிலத்தில் டைனோசர்கள் அழிந்ததும் அவ்வெல்லையிலேதான். யூகூபினா அவ்வெல்லைக்குச் சற்றுப் பின்னர்த் தோன்றிச் சில இலட்சம் ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. நிலவியல் கணக்கில் இது ஒரு நொடிப்பொழுது போன்றது. ஆகவே யூகூபினா அந்நிலையிலேயே படிந்து கிடைக்கும் அடுக்கு, அவ்வெல்லையை ஒட்டிப் பின்னே படிந்தது என்று துணியலாம்.

1980-இல் லூயி ஆல்வரெஸ், வால்ட்டர் ஆல்வரெஸ் முதலியோர் குப்பியோவின் களிமண் கீற்றில் இரிடியம் என்னும் உலோகம் வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டி, விண்கல் ஒன்று புவியின்மேல் மோதியதே அழிவுக்குக் காரணம் என்றனர். 1991-இல் மெக்சிகோவின் யூக்கத்தான் பகுதியில் சிக்சுலூப் பள்ளம் அம்மோதலின் தழும்பாக இனங்காணப்பட்டது. ஆனால், ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் தக்காண எரிமலைக் குழம்பும் பெருகி ஓடியது. இன்றும் ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அப்பாறைகள் மூடியுள்ளன. அழிவுக்குக் காரணம் விண்கல்லா, எரிமலையா, அன்றி இரண்டுமா என்னும் வழக்கில், குழம்பு எப்போது ஓடியது என்பதே முதற்கேள்வி ஆயிற்று.

கோதாவரிக் கரை கூறும் சான்று

மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் நடு இந்தியாவிலும் எரிமலைப் பாறைகளுக்கிடையே காணப்படும் படிவுகள் பெரும்பாலும் ஏரிகளிலும் சதுப்புகளிலும் படிந்தவை. நன்னீர் நத்தைகளும் மரஞ்செடிகளின் எச்சங்களும் அவற்றில் உண்டு. அவற்றைக் குப்பியோவின் கடற்படிவுகளுடன் நேரே ஒப்பிட இயலாது. முதன்மைப் பரப்பினின்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிக் கிடக்கும் ராஜமுந்திரியிலோ, குழம்பு பழங்கடலின் கரையை அடைந்துள்ளது. எரிமலைப் பாறையும் கடற்படிவும் ஒரே சுவரில் அமைந்த அரிய இடம் இது. இவ்விடைப்படிவுகளின் பொராமினிபெராக்களை எஸ். ஆர். நாராயண ராவும் கே. ஸ்ரீபாத ராவும் 1930-களிலேயே ஆராய்ந்தனர். 1993-இல் ஜெயப்பிரகாஷ், சிங், இராஜு ஆகியோர், கிருஷ்ணா–கோதாவரி வடிநிலத்தில் பாலகொல்லுப் பகுதியின் நிலத்தடிப் படிவுகளில் கிடைத்த பொராமினிபெராக்களைக் கொண்டு தக்காண எரிமலையின் வயதை ஆராய்ந்தனர்.

2008-இல் கெர்ட்டா கெல்லர், சுனில் பாஜ்பாய் முதலியோர் ராஜமுந்திரிக் குழிகளின் இடைப்படிவில் யூகூபினாவைச் சார்ந்த டேனியத் தொடக்கக் காலத்து மிதவை உயிர்கள் இருப்பதை விவரித்தனர். இதிலிருந்து பெறப்படும் முடிவை ஒழுங்காக வகுத்துக் காணலாம். இடைப்படிவு டேனியத் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் கீழுள்ள எரிமலைப் பாறை அதற்கு முந்தியது. மேலுள்ள எரிமலைப் பாறை அதற்குப் பிந்தியது. ஆகவே குழம்பு ஓடிய காலம் எல்லையைச் சூழ்ந்தே அமைந்தது.

இம்முடிவை வேறொரு வழியிலும் சோதிக்கலாம். குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைப் பதிவு செய்துகொள்கின்றன. கீழ்ப்பாறையில் இன்றைக்கு எதிரான காந்தத் திசையும், மேற்பாறையில் இன்றைய திசையும் காணப்படுகின்றன. கிரெட்டேசியத்தின் முடிவெல்லை காந்தம் எதிர்த்திசையில் இருந்த காலத்தில் அமைந்தது என்பதும், அதற்குச் சில இலட்சம் ஆண்டுகளுக்குப் பின் காந்தம் திசை மாறியது என்பதும் பிற இடங்களிலிருந்து அறியப்பட்டவை. ஓடுகள் கூறியதும் காந்தம் கூறியதும் ஒன்றற்கொன்று முரண்படவில்லை.

சான்று ஏமாற்றும் இடங்கள்

நல்ல சாட்சியும் சிற்சில இடங்களில் தவறான பொருளைத் தரக்கூடும். அவற்றுள் மூன்றினைக் களப்பணியாளர் மறவாதிருத்தல் வேண்டும்.

முதலாவது, பழைய படிவங்கள் புதிய அடுக்கில் கலத்தல். ஆறும் அலையும் பழம்பாறையை அரித்து, அதிலுள்ள ஓடுகளைப் புதிய சேற்றில் சேர்த்துவிடும். நிலத்தில் புதைந்த காசுக்குடம் ஒன்றில் பல அரசர்களின் காசுகள் இருப்பின், அவற்றுள் கடைசி அரசனின் காசே குடம் எக்காலத்திற்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பதைக் காட்டும். அவ்வாறே ஓர் அடுக்கின் வயதைத் துணிய, அதிலுள்ள மிக இளைய இனத்தையே நோக்கவேண்டும். தேய்ந்தும் உடைந்தும் நிறம் மாறியும் உள்ள ஓடுகள் கலப்புக்கு அறிகுறி.

இரண்டாவது, துளைக்கிணற்றில் மேலடுக்கின் தூள் சரிந்து கீழே விழுதல். இங்கு முன்கூறிய விதி தலைகீழாகின்றது. மேலிருந்து விழுந்த இளைய ஓடு கீழ்ப்பாறைக்கு இல்லாத இளமையைத் தந்துவிடும். ஆதலின் துரப்பணத் தூளை ஆராய்வோர், கீழ்நோக்கிச் செல்லும்போது ஓர் இனம் முதன்முதல் எங்கே தென்படுகின்றது என்பதையே பெரிதும் நம்புவர்; அதுவே அவ்வினம் மறைந்த மட்டம். முழுத்தண்டாக எடுக்கப்பட்ட பாறைக்கு இவ்விடர் குறைவு.

மூன்றாவது, காணாமையை இன்மை எனக் கொள்ளுதல். டேனியத் தொடக்கத்து ஓடுகள் மிகச் சிறியவை; பலவும் 0.15 மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. அவ்வளவு கண்ணுள்ள சல்லடையில் சலித்தால், தேடும் பொருளே நீருடன் ஓடிவிடும். ஆராய்வோர் 'யூகூபினா இல்லை' என எழுதுவர். உண்மையில் இல்லாதது யூகூபினா அன்று, தகுந்த சல்லடையே. இப்பணிக்கு 0.063 மில்லிமீட்டர் சல்லடை வேண்டும். அதனினும் நுண்ணியது இருப்பின் நன்று.

மாதிரி எடுத்தலும் கழுவுதலும்

வானிலையால் சிதைந்த மேற்பரப்பை முதலில் அகற்றி, புதிய கல்லை வெட்டவேண்டும். மாதிரிகளைக் கீழிருந்து மேலாக எடுத்துவருவது நல்லது. மேலே வெட்டும் தூள் இன்னும் எடுக்கப்படாத அடுக்கின்மேல் விழாது. ஒவ்வொரு முறையும் சுத்தியலையும் உளியையும் துடைத்துக்கொள்ளவேண்டும். சில நூறு கிராம் கல் போதுமானது. பையின் உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஓர் எழுத்தும் இருத்தல் வேண்டும். இடம், குறிப்பிட்ட மட்டத்திலிருந்து உயரம், நாள், பாறையின் தன்மை ஆகியவற்றை அங்கேயே எழுதவேண்டும். முகாமுக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து எழுதும் வழக்கம் கூடாது.

களிமண்ணை உலர்த்தி, சிறு துண்டுகளாக்கி, நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாவிடின் நீர்த்த ஐதரசன் பெராக்சைடைச் சேர்க்கலாம். அது தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறை அணிதல் வேண்டும். அமிலம் எக்காரணத்தாலும் கூடாது. ஓடுகள் சுண்ணாம்பாலானவை, அமிலத்தில் கரைந்து போய்விடும். கரைந்த சேற்றைச் சல்லடையில் மெல்ல நீர்விட்டுக் கழுவி, எஞ்சியதை இளஞ்சூட்டில் உலர்த்தவேண்டும். பின்னர் நுண்நோக்கியின்கீழ், ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கருநிற அட்டையில் ஒட்டலாம்.

ஒரு மாதிரியைக் கழுவியபின் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் தோய்த்தெடுப்பது ஆய்வுக்கூடங்களில் கையாளப்படும் நல்ல முறை. சல்லடைக் கண்களில் சிக்கிய பழைய ஓடுகள் நீலநிறம் ஏறிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால், அது அம்மாதிரிக்கு உரியதன்று என உடனே தெரிந்துவிடும்.

வகுப்பறையில் செய்யத்தக்கன

உயர்நிலைப் பள்ளியில் இப்பாடத்தை நடத்த விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கண்ணாடிச் சாடி ஒன்றில் மூன்று நிற மணலை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் வெவ்வேறு பயற்று வகைகளைக் கலக்கலாம். கீழடுக்கில் உளுந்து, நடுவில் உளுந்தும் பச்சைப்பயறும், மேலே பச்சைப்பயறு மட்டும் என அமைத்தால், இனங்களின் தோற்றமும் மறைவும் விளங்கும். பின்னர் ஒரு நீண்ட குச்சியால் மேலடுக்கின் பயற்றைக் கீழே தள்ளிவிட்டு, இப்போது என்ன முடிவுக்கு வருவீர் என மாணவரை வினவலாம். துளைக்கிணற்றின் இடர் அவர்களுக்குத் தானே புலனாகும்.

கடற்கரை மணலில் பொராமினிபெரா ஓடுகள் பல இடங்களில் கிடைக்கும். பவளத்தீவுகளின் மணலில் அவை மிகுதி. ஒரு சிட்டிகை மணலைக் கருந்தாளில் பரப்பி, நல்ல உருப்பெருக்கியால் நோக்கினால், சுருள்வடிவ ஓடுகளைக் காண இயலும்.

முடிந்ததும் முடியாததும்

புதைபடிவம் முன்பின்னைக் கூறுமேயன்றி ஆண்டுக்கணக்கைத் தானே கூறாது. எரிமலைப் பொருள்களிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்தே ஆண்டு பெறப்படுகின்றது. 2019-இல் இரு குழுவினர் தக்காணப் பாறைகளின் புதிய அளவீடுகளை வெளியிட்டனர். குழம்பு ஓடிய காலம் மொத்தம் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஆண்டுக்குள் அடங்கும் என்பதில் அவர்களிடையே பெரும் வேறுபாடில்லை. ஆனால் ஒரு குழுவினர், பெரும் பொங்கல்களுள் ஒன்று எல்லைக்குச் சற்று முன்னரே நிகழ்ந்தது என்றனர். மற்றவர், குழம்பில் ஏறத்தாழ முக்காற்பங்கு எல்லைக்குப் பின்னரே வெளிப்பட்டது என்றனர். எரிமலையின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

கோதாவரிக் கரையின் ஓடுகள் அவ்வழக்கைத் தனியே தீர்த்துவிடா. ஒன்று மற்றொன்றுக்கு முன் நிகழ்ந்தது என்பதனாலேயே அது காரணமாகிவிடாது. ஆயினும் முன்பின் தெரியாமல் காரணத்தைப் பேசவே இயலாது. அவ்வரிசையை உறுதிசெய்தமையே அச்சிற்றோடுகள் ஆற்றிய பணி. அப்பணியும் ஒரு சீட்டையே நம்பி நிற்கின்றது. மட்டம் தவறாகக் குறிக்கப்பட்ட பையிலுள்ள ஓடு, எத்துணைத் திறமையுடன் இனங்காணப்பட்டாலும், பொய்ச்சான்றே கூறும். குழியின் சுவரருகே நின்று உயரத்தை அளந்து எழுதும் களப்பணியாளரின் கையிலேயே அச்சான்றின் மெய்ம்மை தொடங்குகின்றது.